"ஓவரா இருக்கு, குறைச்சுப் பண்ணுங்க" என்றால் எதைக் குறைப்பது?

கேள்வி: சில வருடங்களாக மேடை நாடகங்களில் நடிக்கிறேன். இப்போது சினிமாவுக்கும் வெப் சீரிஸுக்கும் செல்ஃப் டேப் (ஆடிஷனுக்காக நானே நடித்து எடுக்கும் வீடியோ) அனுப்பிக்கொண்டிருக்கிறேன். "ஓவரா இருக்கு, குறைச்சுப் பண்ணுங்க" என்கிறார்கள். குறைத்து அனுப்பினால் "எனர்ஜியே இல்ல" என்கிறார்கள். சீன் பேப்பர் கைக்கு வந்ததிலிருந்து டேப் அனுப்பும்வரை என்ன செய்ய வேண்டும்? நேரில் கூப்பிட்டால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

இரண்டு விமர்சனமும் ஒரே கோளாறைத்தான் சொல்கின்றன. சோகம், கோபம் என்று ஓர் உணர்ச்சியை எடுத்து முகத்தில் வைத்துக் காட்டுகிறீர்கள். அதைக் கூட்டினால் ஓவர், குறைத்தால் சப்பென்று போய்விடுகிறது. எதிரில் இருப்பவரிடமிருந்து இந்தக் கதாபாத்திரத்துக்கு ஏதோ ஒன்று வேண்டும். அதை வாங்க என்னென்ன செய்து பார்க்கிறான் என்பது தெரிந்துவிட்டால் அதே குரலும் அதே முகமும் தானாக அளவுக்கு வந்து நிற்கும். டேப்பைப் பார்க்கிறவர் முதலில் தேடுவதும் அதைத்தான்.

மேடைக்காரர் என்பதால்தான் இப்படி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் என்று பலர் கேமரா முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். மேடையில் உங்கள் குரலும் கையும் கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டும். கேமராவில் 2, 3 அடி தள்ளி நிற்கிற எதிராளுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். குறைக்க வேண்டியது அந்தத் தூரத்தை மட்டும்தான். உள்ளே ஓடுகிற வேகத்தைக் குறைத்தால் "எனர்ஜியே இல்ல" என்ற பதில்தான் வரும்.

காஸ்டிங்கிலிருந்து, அதாவது நடிகர்களைத் தேர்வு செய்பவர்களிடமிருந்து, வருகிற மாதிரி ஒரு துண்டு சீனை வைத்துப் பார்ப்போம். சாயங்காலம், அக்கா வீடு. தம்பி வந்திருக்கிறான். நீங்கள் தம்பி.

அக்கா: சாப்டியா?
தம்பி: ம். ஆச்சு.
அக்கா: என்னடா, மொகமே சரியில்ல.
தம்பி: ஒண்ணுமில்லக்கா. மாமா இல்லையா?
அக்கா: டூட்டி. வர ஒன்பது ஆகும்.
தம்பி: அம்மாவோட செயின்... ஒங்கிட்டதான இருக்கு?
அக்கா: எதுக்குக் கேக்குற?
தம்பி: சும்மாதான்.

பெரும்பாலானவர்கள் முதல் "ம்"மிலேயே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பார்கள். மூன்றாவது வரியில் அக்கா "மொகமே சரியில்ல" என்கிறாளே, அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறார்களாம். அங்கேயே சீன் செத்துவிடுகிறது. தம்பி சோகத்தைக் காட்ட வரவில்லை, மறைக்க வந்திருக்கிறான். மறைப்பதில் கோட்டை விடுகிறான், அதனால்தான் அக்கா கண்டுபிடிக்கிறாள். நீங்கள் நடிக்க வேண்டியது மறைப்பதை. கோட்டை விடுவது தானாக நடக்கும்.

பேப்பரைப் பார்த்து மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இவனுக்கு அக்காவிடமிருந்து என்ன வேண்டும்? "பணம்" என்று எழுதினால் மொட்டையாக இருக்கிறது. "நான் வாய்விட்டுக் கேட்காமலே, செயினை எடுத்துட்டுப் போடான்னு அவளே சொல்லணும்" என்று எழுதினால் நடிக்க முடிகிறது. எது தடுக்கிறது? மாமா வந்துவிடலாம், போன முறை வாங்கியதையே இன்னும் திருப்பித் தரவில்லை. ஏன் இன்றைக்கே? நாளை காலை 10 மணிக்குள் கட்டியாக வேண்டும். கடைசி இரண்டும் பேப்பரில் இல்லை, நீங்களாகச் சேர்ப்பவை. சேர்க்கலாம், பேப்பரில் இருப்பதோடு மோதாமல் இருந்தால் சரி. கேமராவுக்கு அவை தெரியாது, உங்கள் அவசரம் தெரியும்.

அடுத்து பென்சிலை எடுத்து, அவன் வழியை மாற்றுகிற இடத்திலெல்லாம் ஒரு கோடு போடுங்கள். "ஒண்ணுமில்லக்கா" வரை ஒரு பகுதி. "மாமா இல்லையா?" இரண்டாவது. செயின் மூன்றாவது. "சும்மாதான்" நான்காவது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு வினைச்சொல் எழுதுங்கள்: சமாளி, வேவு பார், தூண்டில் போடு, பின்வாங்கு. "சோகமாக", "தயக்கமாக" என்றெல்லாம் எழுத வேண்டாம், அவற்றை யாராலும் செய்ய முடியாது. தூண்டில் போடச் சொன்னால் குரல், கண், உடம்பு எல்லாவற்றுக்கும் வேலை கிடைக்கிறது.

இந்தச் சீனில் கனமான இடம் உங்கள் வரியில் இல்லை. "வர ஒன்பது ஆகும்" என்று அக்கா சொல்கிற நொடியில் இருக்கிறது. அதுவரை கேட்காமல் இருக்க அவனுக்கு ஒரு சாக்கு இருந்தது. இப்போது நேரமும் இருக்கிறது, ஆளும் இல்லை, கேட்டே ஆக வேண்டும். அது உள்ளே போய்ச் சேர்வதைப் பார்க்கவிட்டு, பிறகு "அம்மாவோட செயின்..." என்று தொடங்குங்கள். எதிராள் பேசும்போது தன் அடுத்த வரியை மனதுக்குள் ஓட்டிக்கொண்டு நிற்கிறவரை டேப்பில் உடனே கண்டுபிடித்துவிடலாம்: பார்வை அசையாது, வரி முடிந்ததும் தலை லேசாக ஆடும், உடனே டயலாக் வந்து விழும்.

அழுகை சீன், ஆத்திர சீன் வந்தாலும் இதே வழிதான். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளின் (உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளின்) பெயரைச் சொல்வதோடு விடவில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்காகக் கொடுக்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் கேவலப்படுத்தியதால் வரும் அழுகை வேறு, பறிகொடுத்ததால் வருவது வேறு, இருந்த நிலையிலிருந்து விழுந்ததால் வருவது வேறு, இல்லாமையால் வருவது வேறு. "அழுற சீன்" என்று பேப்பர் வந்தால் இந்த நான்கில் எது என்று முதலில் கேளுங்கள். அவமானத்தில் அழுகிறவர் முகத்தைத் திருப்புவார், பறிகொடுத்தவர் யாரையாவது பிடித்துக்கொள்ளப் பார்ப்பார். இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் கண்ணீர் வராவிட்டாலும் சீன் நிற்கும். கண்ணீருக்கு செட்டில் கிளிசரின் இருக்கிறது, ஆடிஷனில் யாரும் அதை அளந்து பார்ப்பதில்லை.

அழுகையை உடம்பில் வரவழைக்க முகத்தைச் சுருக்காதீர்கள். மூச்சுதான் சாவி. மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உள்ளே இழுக்காமல் ஒரு நொடி நிறுத்தி, அந்தக் காலி வயிற்றோடு வரியைத் தெளிவாகச் சொல்ல முயலுங்கள். தெளிவாகச் சொல்ல நீங்கள் படுகிற பாடுதான் பார்க்கிறவரைத் தொடும். கோபத்தில் எல்லாரும் செய்கிற தப்பு, முதல் வரியிலேயே உச்சத்துக்குப் போவது. தோள் காதுவரை ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும், மூன்றாவது வரியில் தொண்டை கட்டும். முழுச் சீனிலும் கத்துவதற்கு ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதை அடக்கிக்கொண்டு போகட்டும். குடிகாரன் வேஷம் கொடுத்தால் தள்ளாடாதீர்கள். குடிக்கவில்லை என்று காட்டிக்கொள்ள நேராக நடக்கப் பாருங்கள், சொல்லைத் திருத்தமாக உச்சரிக்கப் பாருங்கள்.

இனி மனப்பாடம். டயலாக் பல நேரம் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்த தமிழாக வாட்ஸ்அப்பில் வரும். அதில் குறில் நெடில் தெரியாது, ல, ள, ழ தெரியாது. வலியா வழியா, கல்லா கள்ளா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் வேலையாக முழுச் சீனையும், எதிராள் வரிகளையும் சேர்த்து, கையால் தமிழில் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் அனுப்பியவரிடம் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வட்டார வழக்கு எது என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். நெல்லைத் தமிழ் தெரியாமல் "ஏலே, வாலே" என்று மட்டும் ஒட்டவைத்துப் பேசினால் அந்த ஊர்க்காரர் ஒருவர் டேப்பைப் பார்த்தால் போதும், கதை முடிந்தது. தெரியாத வழக்கு என்றால் ஒரு டேக்கை உங்கள் சொந்தப் பேச்சிலேயே கொடுங்கள், அதையும் அறிமுகத்தில் சொல்லுங்கள்.

மனப்பாடம் செய்யும்போது உணர்ச்சியோடு சொல்லிப் பழகாதீர்கள். அப்படிப் பழகினால் அந்த ராகம் நாக்கில் ஒட்டிக்கொள்ளும், பிறகு இயக்குநர் வேறு மாதிரி கேட்டால் மாறவே மாறாது. கடையில் கணக்குப் படிக்கிற மாதிரி தட்டையாக, வேகமாகச் சொல்லுங்கள். பாத்திரம் கழுவிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ சொல்லுங்கள். கை வேலை செய்யும்போது தடுமாறாமல் வந்தால் வரி இறங்கிவிட்டது என்று அர்த்தம். எதிராள் வரிகளை மட்டும் செல்போனில் பதிவு செய்து, நடுவில் இடம் விட்டு, அதைக் கேட்டுப் பதில் சொல்லிப் பழகுங்கள். உங்கள் வரி எந்தச் சொல்லிலிருந்து கிளம்புகிறது என்று பிடிபடும். மேலே உள்ள சீனில் "மாமா இல்லையா?" என்பது "மொகமே சரியில்ல" என்பதிலிருந்து தப்பிக்கக் கிளம்புகிற வரி.

டேப் எடுக்கிற இடத்துக்கு வருவோம். செல்போனே போதும், செல்ஃபி கேமராவை விட்டுவிட்டுப் பின்கேமராவில் எடுங்கள். லென்ஸைத் துணியால் துடையுங்கள், அதில் விரல் ரேகை படிந்திருந்தால் படம் முழுக்கப் புகைமூட்டம்தான். போன் படுக்கை வாக்கில், உங்கள் கண் உயரத்தில், ட்ரைபாடில். 1080p போதும், 4K எடுத்தால் கோப்பு பெரிதாகி அனுப்ப முடியாமல் திண்டாடுவீர்கள். போனை முகத்துக்கு அருகில் வைத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். 5, 6 அடி தள்ளி வைத்து, போனில் 2x லென்ஸ் இருந்தால் அதைப் போடுங்கள். ஃப்ரேம் நெஞ்சிலிருந்து தலைவரை, தலைக்கு மேல் கொஞ்சம் இடம். கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்காமல் இருக்க, திரையில் உங்கள் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிடுங்கள். ஏர்ப்ளேன் மோடில் போடுங்கள், நல்ல டேக்கின் நடுவில் கடன் வேண்டுமா என்று யாராவது கூப்பிடுவார்கள்.

வெளிச்சம் என்றால் ஜன்னல். ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள், முதுகு காட்டி நின்றால் முகம் கறுத்துவிடும். நேரடி வெயில் உள்ளே விழுந்தால் வெள்ளை வேட்டி ஒன்றைக் குறுக்கே கட்டுங்கள். ராத்திரியில்தான் எடுக்க வேண்டும் என்றால் ட்யூப் லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் படத்தில் பட்டை பட்டையாகத் துடிக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்குகிறது, போன் வழக்கமாக எடுக்கும் நொடிக்கு 30 ஃப்ரேம் (படம்) அதோடு ஒத்துப்போகாது. 25 ஃப்ரேமில் வைத்து, ஷட்டர் மாற்ற முடிந்தால் 1/50 அல்லது 1/100 போடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் கேமரா பகுதிக்குள் PAL ஃபார்மட்டைக் காட்டச் சொல்லி ஒரு தேர்வு உண்டு, அதைத் திறந்தால்தான் 25 வரும்.

படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், சத்தம் சரியில்லை என்றால் மூடிவிடுவார்கள். ஃபேனை நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜை நிறுத்துங்கள். வெறும் சுவர் உள்ள அறையில் குரல் எதிரொலிக்கும். கேமராவுக்குப் பின்னால் போர்வையோ மெத்தையோ தொங்கவிடுங்கள், எதிரொலி பாதி அடங்கும். பின்னணி ஒரே நிறச் சுவர், சாம்பலோ வெளிர் நீலமோ. சுவரிலிருந்து 3 அடி தள்ளி நின்றால் நிழல் விழாது. உடை ஒரே நிறத்தில் இருக்கட்டும். நெருக்கமான கோடு போட்ட சட்டை கேமராவில் அலை அலையாக நெளியும். போலீஸ் பாத்திரம் என்று காக்கிச் சட்டை வாடகைக்கு எடுக்காதீர்கள், இறுக்கமான காலர் சட்டை ஒன்று போதும்.

எதிராள் வரியைப் படிக்க ஒருவர் வேண்டும். இது அலட்சியமாக விடுகிற இடம், டேப்பைக் கெடுக்கிறதும் இதுதான். அவர் லென்ஸை ஒட்டி, உங்கள் கண் உயரத்தில் இருக்க வேண்டும். லென்ஸிலிருந்து விலகி நின்றால் உங்கள் முகம் பக்கவாட்டில் போய்விடும், ஒரு கண்தான் தெரியும். நடிகர் பார்க்கிற திசையைத்தான் செட்டில் "லுக்" என்பார்கள். சீனில் இன்னொருவரும் இருந்தால் அவருக்கு லென்ஸின் மறுபக்கம் லுக் வையுங்கள். லென்ஸையே பார்ப்பது அறிமுகத்தில் மட்டும். படிப்பவர் மைக்குக்குப் பக்கத்தில் இருப்பதால் அவர் குரல் உங்களை அமுக்கிவிடும், மெல்லப் படிக்கச் சொல்லுங்கள். அவர் நடிக்க வேண்டாம். ஆனால் பேப்பரைப் பார்த்து இழுத்து இழுத்துப் படிக்கவும் கூடாது. யாருமே இல்லையென்றால் வீடியோ காலில் ஒரு நண்பரைப் பிடித்து, அந்த இரண்டாவது போனை லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டேக் தொடங்கும்போது பெருமூச்சு விட்டு, குனிந்து, "மூடுக்குள் போய்" நிமிர்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில், சீனுக்கு ஒரு நிமிடம் முன்னால் தம்பி என்ன செய்துகொண்டிருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாமாவின் செருப்பு இருக்கிறதா என்று பார்த்தான் என்று வைத்தால், அந்தப் பார்வையோடு ஃப்ரேமுக்குள் இருப்பீர்கள். 2 நொடி போதும். முடிவிலும் "சும்மாதான்" என்றவுடன் முகத்தைக் கலைக்காமல் 3 நொடி அதிலேயே இருங்கள். அங்கேதான் பலர் "ஓகேவா?" என்று கேமராக்காரரைப் பார்த்துவிடுகிறார்கள்.

எடுத்ததை இரண்டு முறை சோதியுங்கள். முதலில் சத்தத்தை மூடிவிட்டுப் பாருங்கள். நீங்கள் போட்ட நான்கு கோடும் முகத்தில் தெரிகிறதா? ஒவ்வொரு சொல்லுக்கும் புருவம் ஏறி இறங்குகிறதா, தலை ஆடுகிறதா? பிறகு போனைக் கவிழ்த்துவைத்துக் காதால் மட்டும் கேளுங்கள். எல்லா வரியும் ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்கினால் அது மனப்பாட ராகம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது குறை கண்ணில் படாது, நம் முகத்தைப் பார்த்து நாமே மயங்கிவிடுவோம். ஏழெட்டு டேக்குக்கு மேல் போனால் பெரும்பாலும் சீன் காய்ந்துவிடும். முதல் மூன்றுக்குள் ஒன்று நன்றாக இருக்கும்.

இரண்டு டேக் அனுப்பச் சொன்னால் ஒன்று மெல்லமாகவும் ஒன்று சத்தமாகவும் அனுப்பாதீர்கள். வினைச்சொல்லை மாற்றுங்கள். முதல் டேக்கில் தூண்டில் போட்டான். இரண்டாவதில் அக்காவைச் சிரிக்கவைத்து வாங்கப் பார்க்கட்டும். வரி ஒன்றுதான், ஆள் வேறாகத் தெரிவான். இயக்குநருக்கு அதுதான் தேவை.

அறிமுகம் தனி வீடியோவாக இருக்கட்டும், அரை நிமிடத்துக்குள். பெயர், வயது, உயரம், எந்த ஊரில் இருக்கிறீர்கள், என்னென்ன மொழி, எந்த வழக்கு, எந்தத் தேதிகளில் முடியாது. இடது பக்கம், வலது பக்கம் திரும்பிக் காட்டுங்கள், முழு உருவமும் ஒருமுறை. நீச்சல், புல்லட் ஓட்டுவது, சிலம்பம் என்று தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வேண்டாம். படப்பிடிப்பு நாளன்று கிணற்றங்கரையில் நிற்கவைத்துவிடுவார்கள்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமென்டாக இணையுங்கள், அல்லது கூகுள் டிரைவில் ஏற்றி, இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று அனுமதி மாற்றி அனுப்புங்கள். அந்த இணைப்பை வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்டு நிற்கிற டேப்புக்குப் பின்னால் யாரும் ஓடி வர மாட்டார்கள். கோப்புக்கு உங்கள் பெயர், பாத்திரத்தின் பெயர், டேக் எண் வையுங்கள். கேமரா கொடுத்த எண்ணோடு வந்தால் நூறு கோப்புக்குள் தொலைந்துவிடும். சீன் பேப்பரையும் டேப்பையும் இன்ஸ்டாகிராமில் போடக் கூடாது, நல்ல நடிப்பாக இருந்தாலும் சரி.

நேரில் கூப்பிட்டால் பெரும்பாலும் சென்னையில் சாலிகிராமம், வடபழனி, வளசரவாக்கம் பக்கம் ஓர் அலுவலக அறை. உதவி இயக்குநர் ஒருவர், ஒரு கேமரா, தரையில் ஒட்டிய டேப். அதுதான் உங்கள் மார்க், நீங்கள் நிற்க வேண்டிய இடம். உள்ளே போனதும் இரண்டே கேள்வி கேளுங்கள்: "ஃப்ரேம் எதுவரைக்கும் சார்? லுக் யாருக்கு?" க்ளோஸ் (முகம் மட்டும்) என்றால் கையை ஆட்டிப் பயனில்லை, உடம்பை ஆட்டினால் ஃப்ரேமை விட்டுப் போய்விடுவீர்கள். மிட் (இடுப்புவரை) என்றால் கைக்கும் வேலை உண்டு. பேப்பரைக் கையில் வைத்துக்கொள்வது தப்பில்லை, மறந்தால் நிதானமாகப் பார்த்துவிட்டு அதே சீனுக்குள்ளேயே தொடருங்கள். "சாரி சார், ஒன் மோர்" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்தச் சொல்வது அவர்கள் வேலை.

பேப்பர் இல்லாமல் "ஒரு சிச்சுவேஷன் சொல்றேன், பண்ணுங்க" என்பது நம் ஆடிஷன்களில் சகஜம். போனில் சாவுச் செய்தி வருகிறது என்பது அதில் ரொம்பவும் அடிபட்ட ஒன்று. "என்ன சொல்றீங்க? அப்பாவுக்கு ஆக்சிடெண்டா? எந்த ஆஸ்பத்திரி? ஜி.எச்.சா?" என்று எதிர்முனைக்காரர் சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்லித் தகவல் கொடுக்காதீர்கள். நிஜத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. எதிர்முனையில் இருப்பவர் யார், அவர் சொல்கிற மூன்று வாக்கியம் என்ன என்று மனதில் எழுதிக்கொண்டு, அந்த வாக்கியம் எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் கேளுங்கள். அழைப்பு வருவதற்கு முன் வேறொரு வேலையில் இருங்கள், சட்டைப் பொத்தான் போடுவது போல ஏதாவது. செய்தி வந்த பிறகு அந்தப் பொத்தான் என்ன ஆகிறது என்பதே போதும். யோசிக்க ஒரு நிமிடம் கேட்டால் தருவார்கள், கேளுங்கள்.

முதல் டேக் முடிந்து "கொஞ்சம் குறைச்சு" என்றால் அது நல்ல சகுனம், வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் "ஓகே, சொல்லி அனுப்புறோம்" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பார்ப்பது, சொன்னால் உங்களால் மாற்ற முடிகிறதா என்பதை. முழு அளவில் அதே ஆசையை வைத்துக்கொண்டு, பக்கத்து அறையில் அக்காவின் குழந்தை தூங்குகிறது என்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். குரல் இறங்கும், அவசரம் இறங்காது. "எனர்ஜி வேணும்" என்றால் சத்தத்தைக் கூட்டாமல் நெருக்கடியைக் கூட்டுங்கள்: மாமா ஒன்பதுக்கு வர மாட்டார், தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்கிறது. பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. "ஏன் சார்?" என்று விளக்கம் கேட்டு வாதம் செய்ய வேண்டாம், தலையாட்டிவிட்டுச் செய்து காட்டுங்கள்.

டிவி சீரியல் ஆடிஷன் கொஞ்சம் வேறு. அங்கே ப்ராம்ப்ட் உண்டு: கேமராவுக்கு வெளியே நின்று ஒருவர் டயலாக்கைச் சொல்லச் சொல்ல நீங்கள் வாங்கிப் பேச வேண்டும், ஒரு நாளைக்கு அவ்வளவு சீன் எடுத்தாக வேண்டும் என்பதால். ப்ராம்ப்ட் குரல் வரும் பக்கம் கண்ணோ காதோ திரும்பினால் போச்சு. சொற்றொடர் முழுவதையும் கேட்டு, எதிராளைப் பார்த்து, பிறகு பேசுங்கள். அந்த இடைவெளியை எடிட்டிங்கிலும் டப்பிங்கிலும் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் யாரையாவது நாளிதழைப் படிக்கச் சொல்லி, சொற்றொடர் சொற்றொடராக வாங்கிப் பேசிப் பழகலாம். சீன் கடைசியில் முகத்தில் க்ளோஸ் வைத்து நீட்டுவார்கள், அங்கே முகத்தை உறையவைக்காமல் "அடுத்து என்ன செய்யலாம்" என்று நிஜமாகவே யோசித்துக்கொண்டிருங்கள்.

எச்சரிக்கை ஒன்று. ஆடிஷனுக்குப் பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ (புகைப்படத் தொகுப்பு) கட்டணம், சங்க உறுப்பினர் கார்டு எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்டால் அது ஆடிஷன் இல்லை. ஆதார் நகல், ஓ.டி.பி. எதுவும் இந்தக் கட்டத்தில் யாருக்கும் தேவைப்படாது. பெரிய கம்பெனி பெயரைச் சொன்னால் அந்தக் கம்பெனி அலுவலகத்துக்கே போன் செய்து கேளுங்கள். ராத்திரி நேரம், ஹோட்டல் அறை என்றால் போகாதீர்கள். பகலில் போனாலும் புது இடம் என்றால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். அதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் வேலை செய்ய வேண்டியதில்லை.

டேப் அனுப்பிய பிறகு தினமும் "சார், என்னாச்சு?" என்று கேட்காதீர்கள். ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு செய்தி போதும். அக்காவாக நடிப்பவரைவிட நீங்கள் மூத்தவராகத் தெரிவது, உயரம், ஜாடை, தேதி என்று நடிப்போடு சம்பந்தமில்லாத எத்தனையோ காரணத்தால் வேறு ஆள் போகலாம். அனுப்பிய டேப்பை வைத்திருங்கள், எந்த டேக், எந்த உடை, எந்த வினைச்சொல் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். லுக் டெஸ்டுக்கு (பாத்திரத்தின் தோற்றம் பொருந்துகிறதா என்று பார்க்க) கூப்பிட்டால் "அந்த டேப்பில் பண்ணின மாதிரியே பண்ணுங்க" என்பார்கள். அதே சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள். தாடி, முடி எதையும் அதுவரை மாற்ற வேண்டாம்.